குஞ்சையாவின் றோலி

மூன்று கோடைகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை. பால் வாங்கப் போன நான் பாலை மறந்து ஒரு கமராவோடு திரும்பி வந்தேன். எங்கள் வீடு ஸ்காபுரோவில், வோபர்ன் பகுதியில், எல்ஸ்மெயர் றோட்டும் மார்க்கம் றோட்டும் சந்திக்கிற இடத்துக்கு அண்மையில் இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய பங்களோ வீடுகள் இங்கே இன்னும் நிறைய. அவற்றை முதலில் வாங்கிக் குடியேறியவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எங்கிருந்தோ வந்து சாமான்களை கராஜ் வாசலில் பரப்பி விற்பார்கள், பிறகு வீட்டையும் விற்பார்கள். வீட்டை வாங்குவது பெரும்பாலும் எங்கட ஆக்கள். சாமான்களை வாங்குவதும் அவர்கள்தான், ஆனால் ஒரு டொலருக்கு மேல் போனால் பேரம்.

அன்றைக்கு ஒரு மேசையில் பீங்கான் கோப்பைகளுக்கும் தையல் சாமான்களுக்கும் நடுவில் மண்ணிறத் தோற்பெட்டி ஒன்று இருந்தது. தோல் வெடித்திருந்தது. மூடியைத் திறந்ததும் இரண்டு கண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக என்னைப் பார்த்தன. தகப்பன் ஜேர்மனியிலிருந்து வரும்போது கொண்டுவந்ததாம், வேலை செய்யுமோ தெரியாது, நாற்பது டொலர் தந்தால் போதும் என்றார் விற்ற பெண். நான் பேரம் பேசவில்லை. கை நடுங்கியபோது பேரம் பேச வராது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "பால் எங்க?" என்று கேட்க வாயெடுத்தவ அப்படியே நின்றுவிட்டா. பிறகு கையைச் சேலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தா.

"இது தம்பீன்ர றோலி அல்லோ? இது எப்படியடா இஞ்ச வந்தது?"

தம்பி என்று அம்மா சொல்வது என் குஞ்சையாவை. அப்பாவின் கடைசிச் சகோதரர். கொக்குவிலில் ஒற்றை அறையில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். இது அவருடைய கமரா இல்லை. அவருடையது இதன் ஏழைத் தம்பி. ஆனால் அம்மாவின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதை நான் திருத்தவில்லை.

*

இந்தக் கமராவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். எங்கள் வயதுக்காரர்களில் பலருக்கு இது ஸ்ரூடியோவில் கண்ட "பெட்டிக் கமரா" மட்டும்தான். படம் எடுப்பவர் தலையைக் குனிந்து பெட்டிக்குள் பார்ப்பார், நாங்கள் அவருடைய உச்சந்தலையைப் பார்த்துச் சிரிப்போம். அவ்வளவுதான் ஞாபகம்.

வட ஜேர்மனியில் பிரவுண்ஷ்வைக் என்றொரு நகரம். அங்கே ஃபொக்ட்லென்டர் என்ற பழைய ஒளியியல் கம்பனியில் வேலைசெய்த இரண்டு பேர், பவுல் ஃபிராங்கேயும் றைன்ஹோல்ட் ஹைடெக்கேயும், 1920 இல் பிரிந்துவந்து சொந்தத் தொழில் தொடங்கினார்கள். ஃபிராங்கே விற்பனை தெரிந்தவர், ஹைடெக்கே கைவேலை தெரிந்தவர். முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிக்குள் இருந்தபடியே தலையை வெளியே நீட்டாமல் எதிரியின் பக்கத்தைப் படமெடுக்க ஒரு கமரா வேண்டும் என்று ஹைடெக்கே யோசித்ததிலிருந்துதான் இந்தக் குனிந்து பார்க்கும் கமராவின் எண்ணம் பிறந்தது என்று கம்பனியின் கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பங்கருக்குள் இருந்து வளர்ந்த எனக்கு இது மிக எளிதாக நம்பக்கூடிய கதை.

முதலில் அவர்கள் செய்தது இரட்டைப்படம் எடுக்கும் ஸ்ரீரியோ கமராக்கள். அவற்றில் மூன்று வில்லைகள் வரிசையாக இருந்தன. இரு ஓரத்திலும் படம் எடுக்கும் வில்லைகள், நடுவில் பார்ப்பதற்கு ஒன்று. அதில் ஒரு வில்லையை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் நிமிர்த்தி வைத்தால் கிடைப்பது றோலிபிளெக்ஸ். 1929 இல் அது விற்பனைக்கு வந்தது. மேல் வில்லை பார்ப்பதற்கு. அதன் பின்னால் சரிவாக ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே பால்நிறத் தேய்த்த கண்ணாடித் தகடு. கீழ் வில்லை படத்துக்கு. இரண்டும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழேயும் தெளிவு. மேலே தெரிகிற உருவம் நிமிர்ந்து நிற்கும், ஆனால் வலம் இடமாக மாறியிருக்கும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் தகட்டில் இடப்பக்கம் போவார். குஞ்சையா சாதாரணமாகத் தெருவில் நடக்கும்போதும் ஆட்களுக்குப் பிழையான பக்கத்தில் வழிவிடுவார். தொழில் வியாதி என்பார் அப்பா.

முதல் றோலியில் ஒரு சுருளில் ஆறு படம்தான். 1932 இல் வந்த அடுத்தது 120 என்ற சுருளை ஏற்றது. கோடக் கம்பனி 1901 இலேயே தன்னுடைய மலிவு விலை பிரவுணி கமராவுக்காகக் கொண்டுவந்த சுருள் அது. இன்றைக்கும் அதே அளவில் கடையில் கிடைக்கிறது. நூற்றிருபது வருடங்களுக்கு மேலாக ஒரு பொருள் அளவு மாறாமல் இருப்பது பெரிய அதிசயம். என் தொலைபேசியின் சார்ஜர் வயர் மூன்று தடவை மாறிவிட்டது. 1937 இல் வந்த 'ஒட்டோமற்' மொடலில் பிலிமை இரண்டு உருளைகளுக்கு இடையில் கொடுத்துவிட்டுச் சுற்றினால் போதும். காப்புக் காகிதம் முடிந்து பிலிம் ஒட்டிய இடம் வரும்போது ஏற்படுகிற சிறு தடிப்பை உருளை உணர்ந்து முதற் படத்தை எண்ணத் தொடங்கும். ஒரு கைப்பிடியை முன்னால் சுற்றிப் பின்னால் கொண்டுவந்தால் பிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகும். இவ்வளவுக்கும் பற்றறி இல்லை. முழுக்கப் பற்சக்கரங்களும் வில்களும்தான்.

பற்றறி இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

*

பிரவுண்ஷ்வைக்கைப் பற்றி வாசிக்கும்போது ஒரு விசயம் என்னை நிறுத்தியது. 1925 இல் ஒஸ்ரியக் குடியுரிமையைக் கைவிட்ட ஹிட்லர் ஏழு வருடங்கள் எந்த நாட்டுக்கும் உரித்தில்லாதவராக இருந்தவர். ஜனாதிபதித் தேர்தலில் நிற்க ஜேர்மன் குடியுரிமை தேவைப்பட்டது. 1932 மாசியில் பிரவுண்ஷ்வைக் மாநில அரசு அவரைப் பெயருக்கு ஒரு அரச உத்தியோகத்தில் நியமித்தது. உத்தியோகத்தோடு குடியுரிமையும் வந்து சேர்ந்தது. குடியுரிமைக்காக எத்தனை பாரம் நிரப்பி எத்தனை கதவுகளில் நின்றவர்கள் நாங்கள்! அந்த மனிதருக்கு ஒரு நியமனக் கடிதத்தில் முடிந்துவிட்டது.

அதன் விலையை அந்த நகரமே கொடுத்தது. 1944 ஐப்பசி 15 ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் போட்ட குண்டுகளில் பிரவுண்ஷ்வைக்கின் பழைய மையம் எரிந்து போனது. கமராத் தொழிற்சாலையும் போர்க்காலத்தில் சேதப்பட்டது. போர் முடிந்தபோது நகரம் பிரித்தானியரின் பகுதிக்குள் வந்தது. ஆனால் றோலிக்கு வில்லை செய்த கார்ல் ஸைஸ் தொழிற்சாலை யெனா நகரில் இருந்தது. யெனா சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. அமெரிக்கர்கள் அந்த இடத்தை ரஷ்யர்களிடம் கையளிக்கு முன்னர் ஸைஸின் முக்கிய நிபுணர்கள் 84 பேரைக் குடும்பங்களோடு மேற்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஓபர்கோஹன் என்ற சிற்றூரில் புதிதாகத் தொடங்கினார்கள். ஊரை விட்டுப் போகச் சொன்னால் எதை எடுத்துக்கொண்டு போவது? அவர்களுக்கு வில்லைக் கணக்கு இருந்தது.

ஆகவே பழைய றோலியின் வில்லையைச் சுற்றி எழுதியிருப்பதை வாசித்தால் ஒரு நாடு பிரிந்த கதை தெரியும். போருக்கு முன்னர் 'கார்ல் ஸைஸ் யெனா'. போருக்குப் பின்னர் கொஞ்சக் காலம் யெனா வில்லைகள் வந்தன, வராமலும் விட்டன. க்ரொய்ஸ்நாக்கில் இருந்த ஷ்னைடர் கம்பனியின் ஸெனார் வில்லை இடைவெளியை நிரப்பியது. பிறகு ஓபர்கோஹனிலிருந்து 'ஸைஸ்-ஒப்ரொன்'. அதன் பிறகு யெனா என்ற ஊர்ப்பெயர் இல்லாமல் வெறும் 'கார்ல் ஸைஸ்'. நான் வாங்கிய கமராவில் 'ஸைஸ்-ஒப்ரொன் ரெஸ்ஸார்' என்று எழுதியிருக்கிறது. ஆகவே ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்தது. அந்தப் பத்தாண்டில் ஜேர்மனியர் பெருந்தொகையாகக் கனடாவுக்கு வந்தார்கள். கிழக்கே இருந்த தங்கள் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். என் கமராவின் சொந்தக்காரர் அப்படிப்பட்டவரா என்று தெரியாது. அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. இன்று அந்த வீட்டில் ஒரு அளவெட்டிக் குடும்பம் இருக்கிறது.

*

இந்தக் கமராவைத் தூக்கித் திரிந்த பெயர்பெற்றவர்கள் பலர். எனக்குப் பிடித்தவர்கள் சிலரைச் சொல்கிறேன். அமெரிக்கப் பெண்மணி லீ மில்லர் றோலியோடு போர்முனைக்குப் போனவர். 1945 சித்திரை 30 அன்று டாஹாவ் வதைமுகாமைப் படமெடுத்துவிட்டு அதே நாள் மியூனிச்சில் ஹிட்லரின் வீட்டுக் குளியல்தொட்டிக்குள் இருந்து குளித்தார். அந்தப் படத்தை அவருடைய தோழர் டேவிட் ஷேர்மன் எடுத்தார். தொட்டிக்கு முன்னால் விரிப்பில் முகாமின் சேறு படிந்த சப்பாத்துகள்.

இந்தியாவில் ஹோமாய் வியாரவாலா. சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் டெல்லி முழுக்க ஓடித்திரிந்து நேருவையும், காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தவர். இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். 1970 இல் கமராவை வைத்துவிட்டு ஒதுங்கினார். 2011 இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அடுத்த வருடம் 98 வயதில் காலமானார். பெரிய மனிதர்கள் கமராவை மறந்து நிற்கும் கணங்கள் அவர் படங்களில் நிறைய. றோலியை வயிற்றுக்கு நேரே வைத்துக் குனிந்து பார்ப்பவரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. எதிரிலிருப்பவருக்குத் தன் முகத்தின் முன்னால் ஒரு ஆயுதம் நீட்டப்பட்ட உணர்வும் வராது.

எங்கள் தீவில் லயனல் வென்ட். கொழும்பில் 1900 இல் பிறந்த பறங்கியர், சட்டம் படித்தவர், பியானோ கலைஞர். முப்பதுகளில் றோலிபிளெக்ஸோடும் லைக்காவோடும் இலங்கையை எடுத்தார். 1934 இல் பஸில் றைற் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. 1944 இல் 44 வயதில் இறந்துபோனார். அவர் இறந்தபின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் செய்த பிரதிகள் மட்டும் எஞ்சின. இன்று உலக அருங்காட்சியகங்கள் அந்தப் பிரதிகளைத் தேடி வாங்குகின்றன. மூலம் எரிந்தாலும் பிரதி தப்பலாம் என்பதற்கு அவர் ஒரு உதாரணம். 1981 இல் எங்கள் நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. அந்தக் காரியாலயத்தில் எத்தனை நெகற்றிவ் இருந்திருக்கும் என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

*

யாழ்ப்பாணத்துக்கு ஜேர்மன் கமரா எப்படி வந்தது? பெரும்பாலும் மலாயாவிலிருந்து. மலாயன் பென்சனியர்மார் கொண்டுவந்த மணிக்கூடு, கிராமபோன், தையல் மெஷின் வரிசையில் கமராவும் இருந்தது. குஞ்சையாவின் கமரா றோலிகோட், மூன்றாம் மொடல். றோலிகோட் என்பது 1933 இலிருந்து அதே கம்பனி செய்த மலிவுப் பதிப்பு. கைப்பிடிக்குப் பதிலாகத் திருகுகிற குமிழ். ஷட்டரைத் தனியே தயார்ப்படுத்த வேண்டும். மறந்துபோய் பிலிமைச் சுற்றாமல் அமத்தினால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழும். ஒருமுறை ஒரு தவில் வித்துவானையும் ஒரு பூப்பெய்திய பிள்ளையையும் ஒரே சட்டத்தில் எடுத்துவிட்டு இரண்டு வீட்டாரிடமும் ஏச்சு வாங்கினார். வேண்டுமென்றே ஒரே ஆளை இரண்டாகக் காட்டும் படங்களும் எடுப்பார். அண்ணா தனக்குத் தானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது.

அவர் அதை ஒரு சிங்கப்பூர் பென்சனியரின் பேரனிடம் அறுபதுகளின் கடைசியில் வாங்கினார். 1970 இல் வந்த அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதிய கமரா வாங்குவது கனவாகிவிட்டது. இருந்ததைத் துடைத்து எண்ணெய் போட்டுக் காப்பாற்றினார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானியச் சாமான் வெள்ளம்போல வந்தது. மற்ற ஸ்ரூடியோக்காரர் யசிக்காவுக்கு மாறினார்கள், பிறகு 35 மில்லிமீற்றருக்கு, பிறகு கலருக்கு. குஞ்சையா மாறவில்லை. காசு இல்லை என்பது ஒரு காரணம். பிடிவாதம் மற்றக் காரணம். 'முகம் பெரிசா விழவேணும்' என்பார். றோலியின் நெகற்றிவ் 56 மில்லிமீற்றர் சதுரம். 35 மில்லிமீற்றர் பிலிமில் விழுவதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு.

1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியதும் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் தடை. கலர்ப் படம் கழுவுகிற இடங்கள் மூடப்பட்டன. பற்றறியில் வேலை செய்கிற நவீன கமராக்கள் அலுமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. மாறாமல் இருந்த குஞ்சையாவுக்குத் திடீரென்று தொழில் வந்தது. ஏனென்றால் படம் எல்லோருக்கும் தேவைப்பட்டது. அடையாள அட்டைக்குப் படம். பாஸுக்குப் படம். கிளாலி தாண்டி வவுனியாவுக்குப் போகிறவர் முகத்தைக் காட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் போக முடியாது. கலியாணத்துக்கு எடுக்காத படத்தைப் பலர் காவலரணுக்காக எடுத்தார்கள்.

பிலிம் எங்கே? தமிழ்நாட்டில் ஊட்டியில் 1960 இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரச நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்தது. அது வள்ளங்களில் வந்தது என்று குஞ்சையா கிசுகிசுப்பார். அதற்கு முதல் வாங்கி மண்பானைக்குள் ஒளித்து வைத்த கிழக்கு ஜேர்மன் 'ஓர்வோ' சுருள்களும் கொஞ்சம் இருந்தன. மேற்கு ஜேர்மன் கமராவுக்குள் கிழக்கு ஜேர்மன் பிலிம். பேர்லின் சுவர் விழுந்து ஒன்றிரண்டு வருடங்கள் கழித்து கொக்குவிலில் அவை சேர்ந்து வேலை செய்தன.

கழுவுவதற்குத் தண்ணீர் பிரச்சினை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. காயும்போது நெகற்றிவில் வெள்ளைப் பொட்டுகளாகச் சுண்ணாம்பு படியும். ஆகவே கடைசி அலசலுக்கு மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். இருட்டறைக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய ஜாம் போத்தல் விளக்கு. எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை படத்தைப் பெருப்பிக்கும் என்லாஜர். அதற்கு மின்குமிழ் எரிய வேண்டும்.

அதற்குத்தான் நான். எனக்கு அப்போது 12, 13 வயது. குஞ்சையா என்லாஜரின் மின்குமிழ்த் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதியைப் படுக்கப்போட்டு, இருட்டறைச் சுவரில் துளைத்த ஓட்டையோடு பொருத்தினார். ஓட்டையில் எண்ணெய் பூசிய வெள்ளைத் தாள். வெளியே ஒரு கதிரையில் முகம்பார்க்கும் கண்ணாடி. வெயிலைப் பிடித்து அந்த ஓட்டைக்குள் அனுப்புவது என் வேலை. உள்ளேயிருந்து 'விடு' என்றால் கண்ணாடியின் மேலுள்ள சாக்கை எடுக்க வேண்டும். அவர் சத்தமாக எண்ணுவார். 'மறை' என்றால் மூட வேண்டும். சூரியன் நகர நகரக் கதிரையையும் திருப்ப வேண்டும். நடுவில் முகில் வந்தால் ஒரு தாள் வீண், எனக்கு ஏச்சு. முகிலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ஒருநாளும் விளக்கவில்லை.

இதைக் குஞ்சையாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். மார்க்கம் றோட்டில் உள்ள சீடர்பிறே நூலகத்தில் ஒரு புகைப்பட வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் பால்ரிமோரைச் சேர்ந்த வூட்வேர்ட் என்ற ஓவியர் 1857 இலேயே சூரிய ஒளியில் படம் பெருப்பிக்கும் கருவிக்கு உரிமம் எடுத்திருக்கிறார். மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்துக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்து மூளை குஞ்சையாவுக்கு தானாகவே வந்துவிட்டது.

பிலிமை மிச்சம் பிடிக்க இன்னொரு வழியும் செய்தார். வாங்கில் மூன்று பேரை நெருக்கி இருத்துவார். பின்னால் வெள்ளை வேட்டி. வேப்பமர நிழலில், நூறில் எட்டு. ஒரே படம். பெருப்பித்தபின் தாளை மூன்றாக வெட்டுவார். பன்னிரண்டு படமுள்ள சுருளில் முப்பத்தாறு முகம். சிறிய பிலிமில் இப்படி வெட்டினால் முகம் மணல் மணலாகப் போகும். றோலியின் பெரிய சதுரம் தாங்கியது. யார் யாரோடு இருப்பது என்பது அன்றைக்கு வந்த வரிசையைப் பொறுத்தது. முன்பின் தெரியாத மூன்று பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு மூச்சைப் பிடித்து இருப்பார்கள்.

*

1995 ஐப்பசி 30. வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. மழை, நாவற்குழிப் பாலம், சனம். குஞ்சையாவின் சைக்கிளில் ஒரு பெட்டிக்குத்தான் இடம் இருந்தது. நெகற்றிவ்கள் மூன்று பெரிய மில்க்மா தகரங்களுக்குள் இருந்தன, வருடக் கணக்கில் சேர்ந்தவை. அவர் கமராவை எடுத்தார். பிழைப்புக்கு அது வேண்டும் என்றார். அது சரியான யோசனைதான் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னோம்.

அடுத்த வருடம் சித்திரையில் தென்மராட்சியும் கைமாறியபோது நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பினோம், அவர் வன்னிக்குப் போனார். கிளிநொச்சியில் கமராவை அரிசிக்கும் ஒரு சைக்கிள் ரயருக்கும் கொடுத்தார் என்று கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக் கூரை இல்லை. தகரங்களுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. நெகற்றிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகியிருந்தன. பிரித்துப் பார்த்தேன். பிலிமின் மேலுள்ள பசை வழுக்கிக்கொண்டு விரலோடு வந்தது. யாருடைய முகம் என்று தெரியவில்லை. மழைத்தண்ணீர்தான் சுத்தமான தண்ணீர் என்று அவர் சொல்வது அப்போது ஞாபகம் வந்தது.

குஞ்சையா 2005 இல் வவுனியாவில் காலமானார். கமராவைப் பற்றிக் கடைசிவரை பேசினாராம். தகரங்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம்.

பிரவுண்ஷ்வைக் கம்பனியின் கதையும் நல்ல முடிவுக்கு வரவில்லை. ஃபிராங்கே 1950 இல் போனார், ஹைடெக்கே 1960 இல். யப்பானியப் போட்டியைத் தாக்குப்பிடிக்க எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பெரிய தொழிற்சாலை திறந்தார்கள். ஒரு காலத்தில் பென்சனியர் றோலியைக் கொண்டுவந்த ஊரிலேயே றோலி செய்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1981 இல் கம்பனி முறிந்து அதுவும் மூடப்பட்டது. பிறகு கைமாறிக் கைமாறி 2009 இல் மீண்டும் முறிந்தது, அதன் எச்சமாக வந்த சிறு நிறுவனமும் சில வருடங்களில் நின்றது. இங்கே ரொறன்ரோவில் 1899 இலிருந்து இருந்த கோடக் கம்பனியின் மவுண்ட் டெனிஸ் தொழிற்சாலையை 2005 இல் மூடினார்கள். ஊழியர்களுக்கென்று இருந்த ஒரு கட்டடம் மட்டும் எஞ்சி, புதிய ரயில் நிலையத்தோடு சேர்க்கப்பட்டது. ஊட்டிப் பிலிம் தொழிற்சாலையும் மூடிக் கிடக்கிறது.

என் மச்சான் ஒருவன் தொண்ணூறுகளில் ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டபோது முதலில் வைத்திருந்த முகாம் பிரவுண்ஷ்வைக்கில்தான். றோலி செய்த ஊர் அது என்று போன வருடம் தொலைபேசியில் சொன்னேன். 'அப்பிடியோ? எனக்கு அங்க தெரிஞ்சது ரெண்டு இடம்தான். ஒண்டு முகாம், மற்றது கைரேகையும் படமும் எடுக்கிற அறை' என்றான்.

*

நான் வாங்கிய கமரா வேலை செய்கிறது. மெதுவான வேகங்களில் ஷட்டர் ஒட்டிக்கொள்ளும். நூறுக்கு மேலே பரவாயில்லை. ஒரு சுருளின் விலையும் கழுவுகிற கூலியும் சேர்ந்தால் படமொன்றுக்கு இரண்டு, மூன்று டொலர் வருகிறது. மனைவிக்குக் கணக்குச் சொல்லவில்லை. அம்மாவை ஹைலண்ட் கிறீக் ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் மரத்துக்குக் கீழே வாங்கில் இருத்தினேன். குனிந்து பார்த்தால் அம்மா வாங்கின் ஒரு கரையில் ஒதுங்கி இருந்தா. நடுவுக்கு வாங்கோ என்றேன். "ஏன், வேற ஆக்கள் வரமாட்டினமோ?" என்று கேட்டா. பகிடியாகக் கேட்டாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறதி கொஞ்சம் தொடங்கியிருந்த காலம்.

இவ்வளவும் எழுதியது ஒரு காரணத்துக்காக.

1996 இல் குடாநாட்டில் காணாமற்போன நூற்றுக்கணக்கானவர்களில் என் அண்ணாவும் ஒருவர். ஆடி மாதம் சைக்கிளில் போனவர். அம்மா அதன்பிறகு ஏறி இறங்கிய இடங்கள் எல்லாவற்றிலும் கொடுத்த படம் ஒன்றுதான். 1993 இல் அடையாள அட்டைக்கென்று குஞ்சையா எடுத்தது. தேத்தண்ணி ஊற்றுகிற படம் வீட்டோடு போய்விட்டது. இந்த ஒரு படத்தைத்தான் கொப்பி எடுத்து, கொப்பியின் கொப்பி எடுத்து, இப்போது அண்ணாவுக்கு மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. மூலப்பிரதி அம்மாவின் கைப்பைக்குள் பிளாஸ்ரிக் உறையில் இருக்கிறது. நகம் அளவு இடத்தில் ஈரம் பட்டிருக்கிறது.

அண்ணா மூன்று பேரில் நடுவில் இருந்தவர். எப்படித் தெரியுமென்றால் படத்தின் இரு கரைகளிலும் வேறு ஆட்கள் கொஞ்சம் இருக்கிறார்கள். குஞ்சையாவின் கத்தரிக்கோல் அவ்வளவு நேராகப் போகாது. ஒரு கரையில் கட்டம் போட்ட சேர்ட்டின் தோள். மற்றக் கரையில் ஒரு பிள்ளையின் பின்னல், நுனியில் றிபன், பக்கத்தில் வெள்ளைச் சட்டையின் கை. அந்த வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பியவன் நான். ஆனால் வெளியே நின்றதால் அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த இரண்டு பேரும் எங்கேயாவது இருப்பார்கள். இருந்தால் ஐம்பது வயதை அண்டியவர்களாக இருப்பார்கள். அவர்களிடமும் தங்கள் துண்டு இருக்கலாம். அந்தத் துண்டுகளின் ஓரத்தில் அண்ணாவின் தோள் கொஞ்சம் இருக்கும். ஒரு பக்கம் காதும் இருக்கலாம், ஏனென்றால் எங்கள் துண்டில் வலது காது பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறது.

1992, 93 இல் கொக்குவிலில் வேப்பமரத்துக்குக் கீழே வாங்கில் இருந்து மூன்று பேரோடு படம் எடுத்தவர்கள், அல்லது எடுத்தவர்களைத் தெரிந்தவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து பழைய அடையாள அட்டையை எறிந்துவிட வேண்டாம். படத்தின் கரையைப் பாருங்கள். வெள்ளை வேட்டிக்கு முன்னால் கடும்நிறக் கழுத்துப்பட்டி வைத்த சேர்ட் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நான் அதை வாங்கிக்கொள்ளக் கேட்கவில்லை. ஒரு நல்ல படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன். கமரா இருக்கிறது.